ஒன்பதரைக் கட்டம்

கப்பலூர்,
10.1.1982

ஒச்சாயிக்கு அண்ணன் முத்திருளன் எழுதுவது.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. நாலே வரி. தை மாதம் வரவில்லை, ஜூன் முடிந்துதான் வருவேன், காரணம் பிறகு எழுதுகிறேன் என்று முடித்துவிட்டாய். நாலரை வருஷம் அமெரிக்காவில் வானத்தைப் படித்ததில் வீட்டுக்கு எழுதக் கை மறந்துவிட்டதா?

மாமா வீட்டில் உன் கல்யாணத்துக்கு வைகாசியில் மண்டபம் பேசிவிட்டார்கள். மாப்பிள்ளை நல்லகாமன் புதுச்சட்டை தைக்கக் கொடுத்துவிட்டானாம். இந்த நாலு வரியை எடுத்துக்கொண்டு நான் பேரையூருக்குப் போய் அய்யாவிடம் வாசித்தேன். பருத்திக் காட்டில் நின்றார். “அவளப் படிக்க அனுப்புனவன் நீ. மாமனுக்கு நீயே பதில் சொல்லிக்க” என்று சொல்லிவிட்டுக் குனிந்து பருத்தி எடுக்க ஆரம்பித்தார்.

அவர் சொன்னது நிஜம். மதுரையில் நீ எம்.எஸ்ஸி. முடித்தபோது போதும் கட்டிக் கொடுத்துவிடலாம் என்றார்கள். நான்தான் குறுக்கே நின்றேன். அம்மா இல்லாத வீட்டில் எல்லாரோடும் பேசி, உன்னை விமானம் ஏற்ற மெட்ராஸ் வரை வந்தவன் நான். அதனால் எனக்குக் காரணம் தெரிய வேண்டும். அவனுக்குப் புரியாது என்று விட்டுவிடாதே. நான் பத்தாவதோடு நின்ற ஃபிட்டர்தான். ஆனால் ஒரு மெஷின் ஏன் ஓடவில்லை என்று சொன்னால் எனக்குப் புரியும்.

இங்கே கம்பெனியிலும் நிம்மதியில்லை. எவர்சில்வர் தட்டு அடிக்கிற பிரஸ்ஸில் போன மாதம் வெள்ளைத்துரைக்கு வலது கையில் நாலு விரல் போய்விட்டது. உன் பெட்டியைச் சுமந்துகொண்டு மெட்ராஸுக்கு வந்தானே, அவன்தான். அவனுடைய கவனக்குறைவு என்று ஒரு பேப்பரில் எழுதி எங்கள் எல்லாரிடமும் கையெழுத்துக் கேட்கிறார்கள். நான் இன்னும் போடவில்லை. உன் மதினி செல்லக்கிளிக்கு ஏழாம் மாதம் நடக்கிறது.

பதில் எழுது. நாலு வரியில் எழுதாதே.

முத்திருளன்


அமெரிக்கா,
28.1.1982

அண்ணனுக்கு,

அந்த நாலு வரியைக் கோபத்தில்தான் எழுதினேன். உன்மேல் கோபமில்லை. இப்போது முழுக்க எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

நான் தேடுவது மங்கலான விண்மீன் கூட்டங்களை. நாம் கண்ணால் பார்க்கிற நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. அதற்கு வெளியே, வெகு தூரத்தில், இதைப் போல எண்ண முடியாத கூட்டங்கள் இருக்கின்றன. சில நெருக்கமாகப் பளிச்சென்று இருக்கும், புகைப்படத்தில் விழும். சில அகலமாகப் பரந்து, நட்சத்திரம் குறைந்து, வானத்தின் வெளிச்சத்தைவிட மங்கிக் கிடக்கும். படத்தில் விழாது. விழாததால் அப்படி ஒன்று இல்லை என்றே நிறையப் பேர் இருந்துவிட்டார்கள். ஆனால் அவற்றில் ஹைட்ரஜன் வாயு இருந்தால் அது ரேடியோ அலை அனுப்பும். அதைக் கேட்க இருட்டு வேண்டாம். பகலிலும் கேட்கலாம், மேகம் மூடினாலும் கேட்கலாம்.

எங்கள் தொலைநோக்கி, ஊரணி அகலத்துக்கு ஓர் இரும்புக் கிண்ணம். வடக்கு தெற்காகச் சாய்க்கலாம், கிழக்கு மேற்காகத் திருப்ப முடியாது. பூமி சுழன்று நாம் கேட்கிற இடத்தை அதற்கு நேரே கொண்டுவர வேண்டும். வந்தால் நாலு நிமிஷம். தவறவிட்டால் மறுநாள்தான்.

ஒவ்வொரு கூட்டத்தை அளக்கும்போதும் பக்கத்தில் ஒரு காலி இடத்தையும் அளந்து ஒப்பிட்டுப் பார்ப்போம். டிசம்பர் 18, 19, 20 மூன்று நாளும் காலை ஆறு மணிக்கு, காலி என்று நானே தேர்ந்தெடுத்த இடத்திலிருந்து அலை வந்தது. கட்டத்துக்கு ஒரு சுருதியாகப் பிரித்த தாளில் மூன்று நாளும் ஒரே கட்டத்தில் கோடு எழும்பி இறங்கியது. அந்த இடத்தின் பழைய புகைப்படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை.

என் பேராசிரியர் சிரித்தார். “எங்கேயோ ஒரு விமான நிலையத்து ரேடார். உன்னிடம் முப்பத்தேழு நல்ல கூட்டம் இருக்கிறது. பட்டத்துக்கு அது போதும். இந்தக் கோட்டை எடுத்துவிடு, பிப்ரவரியில் ஊருக்குப் போ” என்றார். எடுக்கமாட்டேன் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

இது ரேடாரா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. திருமங்கலம் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு பஸ் வரும்போது ஒரு சத்தம், நம்மைத் தாண்டிப் போகும்போது கொஞ்சம் இறங்கிய சத்தம். கேட்டிருப்பாய். டிசம்பரில் பூமி அந்த இடத்தை நோக்கி ஓடுகிறது. ஜூனில் அதைவிட்டு விலகி ஓடும். அலை வானத்திலிருந்து வருவதென்றால் ஜூனில் என் தாளில் அந்தக் கோடு ஒன்பதரைக் கட்டம் கீழே தள்ளி இருக்க வேண்டும். ரேடார் என்றால் அதுவும் பூமிமேலேயே நம்மோடு ஓடுவதால் இருந்த இடத்திலேயே இருக்கும். இதற்குத்தான் ஜூன். வேறு மாதத்தில் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

நல்லகாமன் மச்சானுக்கு நான் எந்தக் காலத்திலும் சரி சொன்னதில்லை. மண்டபம் பேசியவர்கள் என்னிடம் பேசவில்லை. அதை மாமாவிடம் அப்படியே சொல்.

வெள்ளைத்துரை அண்ணன் என் பெட்டியைத் தூக்கியது அந்த வலது கையால்தான். ஆனாலும் நீ சண்டைக்குப் போகாதே. எல்லாரும் போட்டால் நீயும் கையெழுத்தைப் போட்டுவிட்டு வேலையைப் பார். மதினி இருக்கிற நிலைமையில் உனக்கு வம்பு வேண்டாம்.

ஒச்சாயி


கப்பலூர்,
20.2.1982

ஒச்சாயி,

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். இரண்டு தடவை புரிந்துகொள்ள. மூன்றாவது தடவை கடைசிப் பத்தி வந்ததும் கிழித்துப் போடலாம் என்றிருந்தது.

நீ தாளில் ஒரு கோட்டை அழிக்கமாட்டாய். நான் மட்டும் கண்ணெதிரே நடந்ததை அழித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல நியாயம்.

உனக்கு எழுதாத ஒன்று இருக்கிறது. செல்லக்கிளியிடமே போன வாரம்தான் சொன்னேன். பிரஸ்ஸுக்குள் கை போகாமல் தடுக்க ஒரு கம்பிக் கூண்டு உண்டு. அது இருந்தால் தட்டை வைத்து எடுக்கத் தாமதமாகிறது, பொங்கல் ஆர்டர் நெருக்குகிறது என்று மானேஜர் அதைக் கழற்றச் சொன்னார். ஷிஃப்ட் முடிந்து எல்லாரும் போன பிறகு கழற்றியது நான். நாலு போல்ட்டு. மூன்றாம் நாள் வெள்ளைத்துரைக்கு அப்படி ஆயிற்று. அவனே கழற்றிக்கொண்டான் என்று பேப்பரில் எழுதியிருக்கிறது. அதன் கீழே என் பெயரா?

முந்தாநாள் மானேஜர் ரூமுக்குக் கூப்பிட்டார்.

“எல்லாரும் போட்டாச்சு முத்திருளா. நீ ஒருத்தன்தான் பாக்கி.”

“கழட்டுனது நான் சார். நீங்க சொல்லிக் கழட்டுனேன்.”

“நான் சொன்னதுக்கு யாரு சாட்சி? வாயத் தொறந்தேன்னா மொதல்ல மாட்டுறது நீதான், தெரியுமா?”

“தெரியும் சார். அதான் மொதல்ல என் பேரையே எழுதப் போறேன்.”

இவ்வளவு தைரியமாகப் பேசிவிட்டு வெளியே வந்து, என் வேலை இடத்துக்குப் போகாமல் கேட் வரை நடந்துவிட்டேன். இதை நீ யாரிடமும் சொல்லாதே.

நீ சொல்லச் சொன்னதை மாமாவிடம் சொன்னேன். பேரையூர் பஸ் ஸ்டாண்டில், பத்துப் பேர் முன்னால், “ஒங்க வீட்டுப் பொண்ணு வானத்துலயே மாப்ள பாத்துக்கிடட்டும்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சம்பந்தம் முறிந்தது. நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அய்யா அதிலிருந்து என்னோடும் பேசுவதில்லை.

ஒரு கேள்வி. எங்கள் பட்டறையில் அளவு சரியில்லை என்றால் எடுத்தவுடன் பீஸைக் குறை சொல்லமாட்டோம். அளக்கிற கருவியைத் தெரிந்த அளவில் வைத்துப் பார்ப்போம். நீ பார்த்தாயா? அதைப் பார்க்காமல் பெரிய படிப்புப் படித்தவரோடு மல்லுக்கு நிற்கிறாய் என்றால் தப்பு உன்மேல்தான்.

ஜூன் வரை பொறுக்கிறேன். அதற்குமேல் ஒரு நாள் கிடையாது.

முத்திருளன்


அமெரிக்கா,
12.3.1982

அண்ணே,

ஜூன் வரை பொறுக்கச் சொல்லி உன்னை யார் கேட்டார்கள்? இது நான் உன்னிடம் வாங்குகிற லீவு இல்லை. முதலில் இதைச் சொல்லிவிட்டேன். இனி மற்றது.

கையெழுத்துப் போடச் சொன்னது என் தப்பு. உன் கடிதத்தை வாசித்துவிட்டு அன்று வேலைக்குப் போகவில்லை. எனக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயம் என்று எப்படி எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. தூரத்தில் இருப்பவர்களுக்குப் பயம் அதிகமாக இருக்கும்போலிருக்கிறது. நாலு போல்ட்டைக் கழற்றியவன் நீ என்பது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. அதை மறைக்காமல் எழுதினாயே, அதனால் நீ என் அண்ணன்.

நீ கேட்டது சரியான கேள்வி. பேராசிரியர்கூட அதைக் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த மூன்று பெரிய கூட்டங்களை அந்த மூன்று நாளும் அளந்திருக்கிறேன். எந்தக் கட்டத்தில் வர வேண்டுமோ அதே கட்டத்தில் வந்திருக்கிறது. கருவி பொய் சொல்லவில்லை.

இதைக் கொண்டுபோய்க் காட்டியபோது ஒரு சேதி கிடைத்தது. ஜூன் மாதம் எங்கள் குழுவுக்கு ஒதுக்கிய தொலைநோக்கி நேரம் முழுவதையும் பேராசிரியர் வேறொரு மாணவருக்குக் கொடுத்துவிட்டார். “உனக்கு இனி அளக்க ஒன்றுமில்லையே” என்றார். கத்தவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேரம் ஒதுக்குகிற கமிட்டி ஒன்று இருக்கிறது. ஐந்து பேர். மாணவர்கள் அங்கே நேரே போவதில்லை. நான் போனேன். சேலை கட்டிக்கொண்டு, பனியில் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, கதவைத் தட்டி உள்ளே போய் நின்றேன்.

“எவ்வளவு நேரம் வேண்டும்?” என்று தலைவர் கேட்டார்.

“நாளுக்கு நாலு நிமிஷம், மூன்று நாள். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம்.”

“பன்னிரண்டு நிமிஷத்துக்காகவா உங்கள் பேராசிரியரைப் பகைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள்?”

“அவர் பன்னிரண்டு நிமிஷம்கூடத் தரவில்லை, அதனால்தான் வந்தேன்.”

ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. முடிவை ஏப்ரலில் சொல்வார்களாம். பேராசிரியர் இப்போது வராந்தாவில் எதிரே வந்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போகிறார்.

மாமா வேண்டாம் என்றதில் எனக்கு வருத்தமில்லை. நல்லகாமன் மச்சான் நல்ல மனிதர், அவரை விரும்பி வருகிற பெண் கிடைக்கட்டும். நீ தலையைத் தொங்கப் போட்டாய் என்று எழுதினாயே, அதுதான் உறுத்துகிறது. இனிமேல் போடாதே.

மதினிக்கு எப்படி இருக்கிறது? உடனே எழுது.

ஒச்சாயி


வாடிப்பட்டி,
25.4.1982

ஒச்சாயிக்கு,

ஊர் பெயர் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். வரிசையாகச் சொல்கிறேன்.

மார்ச் 19 பெண் குழந்தை பிறந்தது. செல்லக்கிளியும் பிள்ளையும் சுகம்.

அதற்கு மறுவாரம் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தது. வேறு யார் வாயிலாகவும் வெள்ளைத்துரை கேட்கக்கூடாது என்று முன்கூட்டியே அவன் வீட்டுக்குப் போனேன். கையில் கட்டு அவிழ்த்திருந்தார்கள். கூண்டைக் கழற்றியது நான் என்று நேரே சொல்லிவிட்டேன். அவன் எழுந்து இடது கையால் என்னை அறைந்தான். வாங்கிக்கொண்டு நின்றேன். பிறகு அவனே கேட்டான்.

“இத எம்புட்டுப் பேருகிட்டச் சொல்லியிருக்க?”

“மானேஜர்கிட்டச் சொன்னேன். செல்லக்கிளிக்கும் எந் தங்கச்சிக்கும் தெரியும். ஒங்கிட்டச் சொல்லத்தான் இம்புட்டு நாளாச்சு.”

“இன்ஸ்பெக்டர்கிட்டயும் இதே மாதிரி சொல்லு. ஒரு வார்த்த கொறைக்காத.”

குறைக்கவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நாலாம் நாள் கேட்டில் வாட்ச்மேன் கையை நீட்டித் தடுத்தார். உள்ளே போகிறவர்கள், பத்து வருஷம் கூட வேலை பார்த்தவர்கள், தரையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். நீ சொன்னபடி இந்தத் தடவை தலையைத் தொங்கப் போடவில்லை.

இப்போது வாடிப்பட்டியில் பம்புசெட் ரிப்பேர்க் கடையில் வேலை. கப்பலூரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறேன். மதுரையில் சித்திரைத் திருவிழாக் கூட்டம் ஏற ஆரம்பித்தால் அதுவும் பாடுதான்.

வேலை போனதைச் சொல்லப் பேரையூருக்குப் போனேன். உன் இரண்டு கடிதத்தையும் எடுத்துப் போனேன். அய்யா பேசாமல் உட்கார்ந்திருந்தார். “பேச வேணாம், கேட்டா மட்டும் போதும்” என்று சொல்லிவிட்டு வாசித்தேன். பஸ் ஹாரன், பூமி, ஒன்பதரைக் கட்டம் எல்லாவற்றையும் வாசித்தேன். சிரிப்பார் அல்லது திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

“தள்ளலேன்னா?” என்றார்.

“என்னய்யா?”

“அந்தக் கோடு இருந்த எடத்துலயே இருந்துச்சுன்னா என்ன செய்வா? அதையும் எழுதுவாளா, மூடி மறைச்சுப்புட்டு வருவாளா? கேளு அவள.”

கேட்டுவிட்டேன். பதில் அய்யாவுக்கு எழுது.

முத்திருளன்


அமெரிக்கா,
28.6.1982

அண்ணனுக்கு,

அய்யாவின் கேள்வி மே முதல் வாரம் கைக்கு வந்தது. உடனே பதில் எழுதியிருந்தால் அது வெறும் வாய்ச்சொல். அதனால் வேறொன்று செய்தேன். கமிட்டி பன்னிரண்டு நிமிஷத்தைக் கொடுத்துவிட்டது. அவர்கள் ஆபீசுக்குப் போய் ஒரு தாளில், “டிசம்பரில் பார்த்த கோடு ஜூனில் ஒன்பதரைக் கட்டம் கீழே நகர்ந்திருக்க வேண்டும். நகராவிட்டால் அது ரேடார், நான் சொன்னது தவறு” என்று எழுதி, பெயரும் தேதியும் போட்டு, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். பேராசிரியருக்கும் ஒரு நகல் வைத்தேன். இதை அய்யாவிடம் சொல். மறைக்க இடமே வைக்கவில்லை.

அந்த இடம் ஜூனில் மாலையில்தான் எங்களுக்கு நேரே வரும். இருபதாம் தேதி சரியாக அந்த நேரத்துக்கு இடி மின்னல். தாள் முழுவதும் முள்ளு முள்ளாகக் கிறுக்கல். நாலு நிமிஷம் போயிற்று. அறைக்குப் போய்ச் சோறு வடித்து அப்படியே வைத்துவிட்டுப் படுத்தேன்.

இருபத்தொன்றாம் தேதி நல்ல வெயில். நாலு நிமிஷமும் சுத்தமாகக் கிடைத்தது. தாளை மேஜைமேல் விரித்தேன். டிசம்பரில் கோடு எழும்பிய கட்டத்தை முதலில் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை. பென்சிலை வைத்துக் கீழே ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தேன். ஏழு, எட்டு, ஒன்பது. அதற்கு அடுத்த கட்டத்தின் நடுவில் அது நின்றது, அண்ணே. அதே உயரம், அதே அகலம்.

இருபத்திரண்டாம் தேதி பேராசிரியரே வந்து என் பின்னால் நின்றார். அன்றும் அதே இடத்தில் வந்தது. அவரே பென்சிலை வாங்கி எண்ணினார். இரண்டாம் தடவையும் எண்ணினார்.

“ரேடார் இல்லை” என்றார். நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

பிறகு அவர், “படத்தில் ஒன்றும் தெரியவில்லையே. இன்னும் நல்ல படம் யாராவது எடுக்கும்வரை இதை வெளியே சொல்லாமல் இருக்கலாம்” என்றார்.

“படத்தில் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுவோம். அது படத்தின் குறை. கூட்டத்தின் குறை இல்லை” என்றேன்.

வாங்கிய பென்சிலை என்னிடமே திருப்பித் தந்தார். “அப்படியானால் உன் பெயர்தான் முதலில். தப்பென்று யாராவது நிரூபித்தால் அடி முதலில் உனக்கு.”

“சரி, போடுங்கள்” என்றேன். வீ. ஒச்சாயி என்று முழுப் பெயரையும் போடச் சொன்னேன். சொல்ல வராது, சுருக்கலாமே என்றார்கள். சொல்லப் பழகட்டும். கட்டுரை போன வெள்ளிக்கிழமை பத்திரிகைக்குப் போய்விட்டது. ஆய்வேட்டிலும் முப்பத்தெட்டாவதாக அது இருக்கிறது.

கமிட்டித் தலைவர் கூப்பிட்டு, காலி என்று ஒதுக்கிய மற்ற இடங்களையும் தேட இரண்டு வருஷ வேலை தருவதாகச் சொல்கிறார். ஏற்றுக்கொண்டேன். உங்களைக் கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். செப்டம்பரில் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு இரண்டு மாதம் இருந்து திரும்புவேன். கல்யாணப் பேச்சோடு யாரும் பஸ் ஸ்டாண்டுக்கு வரக்கூடாது.

உன் கேஸ் என்ன ஆயிற்று?

ஒச்சாயி


பேரையூர்,
18.7.1982

ஒச்சாயிக்கு,

கேஸ் இப்படி ஆயிற்று. கவனக்குறைவு என்ற வார்த்தையை எடுத்துவிட்டார்கள். கூண்டு நிர்வாகத்தின் உத்தரவில் கழற்றப்பட்டது என்று இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டார். கம்பெனி பெயரும் மானேஜர் பெயரும் கோர்ட்டுக்குப் போகின்றன. கழற்றியவன் என்று என் பெயரும் அதில் இருக்கிறது. இருக்கட்டும், கழற்றியவன் நான்தானே. வெள்ளைத்துரைக்கு ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கும் ஆள் அனுப்பினார்கள். மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால் திங்கட்கிழமை வேலைக்கு வரலாமாம். “வெள்ளத்துரகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன், அவனும் வாங்கிக்கிட்டான். மத்தவுக யாருக்கும் நான் கடன்படல” என்று சொல்லி அனுப்பினேன். திங்கட்கிழமை இங்கே அய்யாவோடு கடலை விதைத்தேன். அடுத்த வாரம் மறுபடி வாடிப்பட்டி.

உன் கடிதத்தை விதைப்பு முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது வாசித்தேன். உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்த இடம் வந்ததும் அய்யா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டார். ஏழு, எட்டு, ஒன்பது என்று வாசித்தபோது செல்லக்கிளி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள்.

அய்யா கையைக் கழுவிவிட்டு வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. கணக்குப் போடுகிற முகம்.

“சூனுல வெலகிப் போறோம், அதுனால கீழ தள்ளுச்சு. சரிதான?”

“ஆமா.”

“அப்ப மார்கழியில மறுபடி கிட்டக்கப் போவோம்ல? பழைய எடத்துக்கே அது திரும்பி வரணுமே. அதப் பாக்காம எப்படி அவ கெளம்பலாம்?”

செப்டம்பரில் வந்துவிட்டு மார்கழிக்குள் திரும்பிவிடுவாள் என்று சொல்லிப் பார்த்தேன். நடுவில் விமானம் கிடைக்காமல் போனால், உடம்புக்கு முடியாமல் போனால் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிள்ளை எங்கேயும் ஓடிப் போகாது என்றார். மாமா வாசலில் வந்து நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அய்யா அவரைப் பார்த்தே உரக்கச் சொன்னார்:

“இப்ப வர வேணாம்னு எழுதுடா. டிசம்பரும் பாத்து முடிச்சுட்டு வரட்டும். என் மக அர வேலையில எந்திரிச்சு வந்தான்னு ஒருத்தன் சொல்லக்கூடாது.”

எழுதிவிட்டேன். செப்டம்பரில் வராதே.

முத்திருளன்